உங்கள் தம்பி சாகவில்லை

லோவெச்,
தவக்காலத்து வெள்ளிக்கிழமை, மாலை

அன்பும் மரியாதையும் மிக்க தோங்கா மதினி அவர்களுக்கு வெலிச்கா எழுதுவது.

ஆண்டவர் அருளாலும் தேவமாதாவின் கருணையாலும் இங்கே நான் நலம். உங்கள் தம்பியும் நலம், உயிரோடு இருக்கிறார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் ஒருவரும் எதையும் கடைசி வரி வரைக்கும் படிப்பதில்லை. உங்கள் கால்வலியும் இவாய்லோ அண்ணனின் இரத்த அழுத்தமும் குறைய வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மத்தியானம் செய்தி கேட்டு நீங்கள் பண்ணின போனில் "அவரு சாகலை மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். மீதியையும் வாயால் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். நோன்பு நாளில் கத்தக்கூடாது என்று கோவிலில் தந்தை மெத்தோதி போன ஞாயிறுதான் சொன்னார். தாளில் எவ்வளவு கத்தினாலும் பாவமில்லை என்பதால் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியும், பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் இயந்திரத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவரை, புது இயந்திரம் வரப்போகிறது, இனி நீங்கள் வேண்டாம் என்று திராட்சை பறிக்கிற சமயத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். புது இயந்திரம் இன்னும் வரவில்லை. இவர் வந்துவிட்டார். வந்தவர் என் சமையலறையில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. முதலில் வீட்டுக் கதவுகளின் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டார், பிறகு மாடிப்படி முழுக்க எல்லார் வீட்டுக் கதவுக்கும் விட்டார், இப்போது ஒரு கதவும் கிறீச்சிடாததால் இந்தக் கட்டடத்தில் யார் எப்போது உள்ளே வருகிறார்கள் என்றே தெரிவதில்லை, நாங்கள் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் அலறிக்கொண்டிருக்கிறோம். நான் நோன்புக்குப் பீன்ஸ் வேகவைத்தால் மூடியைத் திறந்து பார்த்து, "இன்னைக்கும் பீன்ஸா?" என்கிறார். "தவக்காலம்" என்றால், "எனக்கு வேலைதான் போச்சு, பல்லு போகலை" என்கிறார். வீட்டுக் கணக்கு எழுதும்போது என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மெழுகுவத்திக்கு இவ்வளவா?" என்று ஒரு கேள்வி. அது உங்களுக்கு வேலை கிடைக்கத்தான் ஏற்றுகிறேன் என்று சொன்னேன். "அப்போ இன்னும் ரெண்டு சேத்து ஏத்து" என்றார்.

வேலை தேடாமல் இருந்தார் என்று சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். தேடினார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண், உங்களைப் பற்றி எழுதி இணையத்தில் போடுங்கள் என்றாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் குதித்தார். "வெலிச்கா, இந்த ஊர்ல எவன் அதையெல்லாம் பாக்கறான்? ஜனங்க நின்னு நிதானமாப் படிக்கறது எதை? நீயே சொல்லு." எனக்குத் தெரியவில்லை என்றேன். "வாசக்கதவைத்தான்!" என்றார். அது உண்மைதான் மதினி. யார் போய்விட்டார்கள், யாருக்கு நாற்பதாம் நாள், யாருக்கு வருஷம் என்று கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் படம் போட்டு ஒட்டியிருப்பதை, இரண்டு கையிலும் பை கனத்தாலும் நானும்தான் நின்று பார்க்கிறேன். ஆனால் அவர் பேச்சு எங்கே போகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் அவர் செருப்பை ஒளித்து வைத்திருப்பேன்.

இன்று காலை நான் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், உங்கள் தம்பி கல்லறைச் சாலையில் இருக்கும் அச்சுக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே சாவு அறிவிப்புக்கு அடிக்கிற அந்தக் கறுப்புக் கட்டம் போட்ட தாள் ஒன்றுதான் மலிவு. அதிலேயே தன் படத்தை, நம் மிலேனா கல்யாணத்துக்குக் கோட்டுப் போட்டு எடுத்தாரே அதை, நடுவில் பெரிதாகப் போட்டு, மேலே பென்யோ ராதுலோவ் என்று கொட்டை எழுத்தில் பெயரும், கீழே "உழைப்பாளி, நேர்மையானவர், குடிக்காதவர், அனைவரும் விரும்பும் நண்பர்" என்றும் அடித்து, எல்லாவற்றுக்கும் அடியில் எறும்பு அளவு எழுத்தில் "வேலை தேடுகிறார்" என்று தொலைபேசி எண்ணோடு போட்டு, பசை வாளியும் தூரிகையுமாக ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார். நம் கட்டடத்தின் கதவில்தான் முதல் தாள்.

நான் கோவிலிலிருந்து வந்தால் மாடிப்படியில் கறுப்பு முக்காடு போட்ட பெண்கள். இரண்டாம் மாடி ஸ்தாங்கா, என் வீட்டுச் சாவி அவளிடம் ஒன்று இருக்கிறது, ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, இழவு வீட்டில் சொல்வதுபோல், "கடவுள் அவரை மன்னிக்கட்டும் வெலிச்கா, காலையிலகூட நல்லாத்தானே பேசினாரு" என்று அழுகிறாள். யாரை மன்னிக்கட்டும் என்று கேட்டேன். திறந்து சுவரோடு கிடந்த வாசக்கதவை இழுத்துக் காட்டினாள். மதினி, அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள்ளே இருந்தது அவர் முகம். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் நான் விதவையாக இருந்தேன். காலையில் அவருக்குக் காப்பி போடாமல் போனேனே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, கடையில் கொடுக்கிற சீட்டைக்கூட அடி வரைக்கும் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டல்லவா, அதனால் அடி வரைக்கும் பார்த்தேன். அப்போது எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் எரிந்துவிடும்.

சொல்லிவிடலாம் என்று மேலே ஓடினால் என் சமையலறையில் நிற்க இடமில்லை. மேஜையில் இறந்தவர் பேரில் படைக்கிற, சர்க்கரையும் வால்நட்டும் தூவிய வேகவைத்த கோதுமை, ஜாடியில் கார்னேஷன் பூக்கள், சாவுக்கு வைக்கிறபடி எல்லாம் இரட்டைப்படையில். நான் வாயைத் திறப்பதற்குள் இஞ்சினியர் பாலெவ் நுழைந்துவிட்டார். அவர்தான் மதினி, உங்கள் தம்பியை வீட்டுக்கு அனுப்பியவர். வந்தவர் ஒரு கரண்டி கோதுமை வாயில் போட்டுக்கொண்டு, தேவமாதா படத்துக்கு முன்னால் நின்று பேச ஆரம்பித்துவிட்டார். இறந்தவரைப் பற்றி ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது, அதனால் சும்மா இருந்தேன்.

"அப்படி ஒரு ஆளு இனிமே பொறக்கப் போறதில்லை" என்றார். "இயந்திரத்து மேல காதை வெச்சே நோவு எங்கேன்னு சொல்லிடுவாரு. அவரு போனதுலேர்ந்து அது வாரத்துக்கு ரெண்டு தடவை மக்கர் பண்ணுது. நான் அவருக்குப் பண்ணினது அநியாயம். அவரு மட்டும் உசிரோட இருந்தா, நாளைக்குக் காலையில நானே நடந்து வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்."

எல்லாரும் அழுதார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் எல்லாரையும்விட அதிகமாக அழுதார். திரும்பிப் பார்த்தால் உங்கள் தம்பி. பசை வாளியைக் காலடியில் வைத்துவிட்டு, தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி ஸ்தாங்காவிடம் கேட்கிறார்: "பாவம், யாரு போயிட்டாங்க?"

ஸ்தாங்கா அலறி மயங்கி விழுந்ததில் ஜாடியும் விழுந்து உடைந்தது. மயக்கம் தெளிந்ததும் அவளுக்கு என்ன கோபம் தெரியுமா, இவர் உயிரோடு இருக்கிறார் என்று! "நான் நல்ல வால்நட்டாப் பாத்துப் போட்டேன் பென்யோ, ஒரு மரியாதை வேணாமா?" என்கிறாள். சந்தோஷப்பட்டவர் ஒருவரும் இல்லை மதினி, எல்லார் முகத்திலும் ஏதோ நாங்கள் ஏமாற்றிப் பூ வாங்கிவிட்ட மாதிரி ஒரு பார்வை. பாலெவ் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஓ, இருக்கீங்களா? நல்லது. ஈஸ்டர் கழியட்டும், பாக்கலாம்" என்று தொப்பியைத் தேடுகிறார். செத்தால் இடம் இருக்கிறது, உயிரோடு இருந்தால் ஈஸ்டர் கழிய வேண்டுமாம்! நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சினியரய்யா, கோதுமையை வாயில வெச்சுக்கிட்டு, மாதா முன்னாடி சொன்ன சொல்லு அது."

"அது செத்தவருக்காகச் சொன்னதும்மா."

"செத்தவருக்குக் கொடுத்த வாக்கை மீறுறது அதைவிடப் பெரிய பாவம். இத்தனை பேரு சாட்சி. தந்தை மெத்தோதியையும் கூப்பிடட்டுமா?"

ஸ்தாங்காவுக்கு எங்கள் மேல் இருந்த கோபம் அந்த நேரம் பார்த்து அவர் பக்கம் திரும்பிவிட்டது, ஆண்டவருக்கு நன்றி. "ஆமாய்யா, எங்க எல்லாரையும் அழ வெச்சீங்களே!" என்று அவளும் பக்கத்தில் வந்து நின்றாள். பாலெவ் மேஜையைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், மிச்சக் கோதுமையை விழுங்கினார். "நாளைக்குக் காலைல வரச் சொல்லுங்க" என்றார்.

ஆகவே மதினி, நீங்கள் கறுப்புத் துணி எடுக்க வேண்டாம், ஊருக்கு வரவும் வேண்டாம். உங்கள் ரூசேயில் படகுப் பட்டறையில் வேலைக்கு இடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று இவாய்லோ அண்ணன் சொல்லியிருந்தாரே, அதுவும் இனித் தேவையில்லை, நாங்கள் யாரிடமும் கை கட்டி நிற்கிற நிலையில் இல்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் இருவரையும் ஆண்டவர் நோய் நொடியில்லாமல் உயிர்ப்புப் பெருநாள் வரைக்கும், அதற்கு அப்பாலும் காப்பாராக.

உங்கள் பாதம் தொட்டு,
வெலிச்கா

பின்குறிப்பு: சனிக்கிழமை மாலை. ரூசே பஸ் டிரைவரிடம் கொடுப்பதற்காக உறையை ஒட்டப்போகும்போது உங்கள் தம்பி முதல் நாள் வேலை முடிந்து வந்தார். இனிமேல் போகமாட்டாராம். இயந்திரம் இன்று ஒரு தடவை நின்றதாம், உடனே தொழிற்சாலையே கூடி வந்து மூச்சுவிடாமல் சுற்றி நின்றதாம், இவர் அதன்மேல் காதை வைத்தாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். "வெலிச்கா, அவங்களுக்கு வேண்டியது பாலெவ் சொன்ன அந்த ஆளு. அந்த ஆளு அளவுக்கு நான் எந்தக் காலத்துலயும் வேலை பாத்ததில்லை" என்கிறார். கத்தினேன், நோன்பாவது ஒன்றாவது. கத்தி முடித்ததும் அவருக்கு ஒரு தட்டுப் பீன்ஸ் வைத்தேன், "இன்னைக்கும் பீன்ஸா?" என்று கேட்காமல் சாப்பிட்டார். மேலே வேண்டாம் என்று எழுதியிருக்கிறேனே, அந்தப் பட்டறை இடம், அதை நீங்கள் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லிவிடாதீர்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் அவரை ஏற்றி அனுப்புகிறேன். ரூசேயில் அவர் எவ்வளவு நல்லவர் என்று யாருக்கும் தெரியாது.