மெதுவா பேசுங்கப்பா

"மெதுவா பேசுங்கப்பா!"

"மெதுவாத்தானே பேசுறேன்?"

"பக்கத்துத் தெரு நாய் குரைக்குது."

சவுண்டு சர்வீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மைதானம் மைதானமாக ஸ்பீக்கர் கட்டியே தலை நரைத்த மனிதர். அவர் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒரே மகள் பள்ளிக் கால்பந்து அணியின் கோல் கீப்பர். தோழிகள் அவளுக்கு வைத்த பெயர் 'சுவர்'. போன ஆட்டத்தில் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்துவிட்டாள். தலையைத்தான் கம்பத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

"மூளை லேசா அதிர்ந்திருக்கு. வெளிச்சம், சத்தம், போன், எதுவும் இப்போதைக்கு வேண்டாம். முக்கியமா உங்க குரல்," என்றார் டாக்டர்.

அன்றே வீட்டிலிருந்த ரேடியோ, டிவி, மிக்ஸி எல்லாம் வாயடைத்துப்போயின. அதுதான் வினையாயிற்று.

அழைப்பு மணி அலறியது. மாடி வீட்டு அம்மா.

"வீட்ல சத்தமே இல்லையே, ஏதாவது கெட்ட சேதியா?"

விளக்கிச் சொல்லி அனுப்பிவிட்டு, மணியின் ஒயரைப் பிடுங்கினார். அடுத்து வந்த தபால்காரர் மணி ஒலிக்காததால் கதவை இடித்தார். 'கதவைத் தட்டாதீர்கள்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். அதைப் படித்தவர்கள் தெருவில் நின்று, "உள்ளே யாருக்கு என்ன ஆச்சு?" என்று கூட்டமாகக் கத்தினார்கள். அவர்களை அடக்க ஜன்னலைத் திறந்து, "சத்தம் போடாதீங்க!" என்று ஒரு குரல் கொடுத்தார். உள்ளே மகள் தலையணையை எடுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

கடைசியில் ஸ்பீக்கருக்குப் போர்த்தும் கறுப்புத் துணியைக் கொண்டுவந்து எல்லா ஜன்னல்களுக்கும் ஆணி அடிக்கப்போனார். ஆணி அடித்தால் சத்தம் வருமே என்று பசைநாடாவால் ஒட்டினார். அறை கும்மிருட்டானது. பெருமையோடு திரும்பியவர், தானே நிறுத்திவைத்திருந்த மைக் ஸ்டாண்டில் இடறிக் கதவு நிலையில் மண்டையை இடித்துக்கொண்டார்.

"அப்பா! கத்தாதீங்க!"

"கத்தலைடா கண்ணு... ஸ்ஸ்ஸ்..."

இருந்த ஐஸ்கட்டியை இருவரும் பங்குபோட்டுக்கொண்டு, ஒருவர் கட்டிலிலும் ஒருவர் தரையிலுமாகப் படுத்தார்கள். போன் இல்லை, பாட்டு இல்லை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"அம்மாவும் இப்படி விழுந்து அடிபட்டிருக்காங்களா?" என்று மகள் இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

மகள் நடை பழகும் வயதில் இறந்துபோனவள் அம்மா. ஓட்டப்பந்தய வீராங்கனை. அவளைப் பற்றி யார் கேட்டாலும் சவுண்டுக்காரர் உடனே ஏதாவது ஒயரைச் சுருட்ட எழுந்துவிடுவார். இன்று எழுந்தால் மறுபடி மண்டை இடிக்கும். படுத்தபடியே கிடந்தார்.

"உங்கம்மாவா? அவ விழ மாட்டா. மத்தவங்களை விழ வைப்பா."

"எப்படி?"

"ஒரு ஓட்டப்பந்தயம். நான் அப்போ ஸ்பீக்கர் கட்டுறவருக்கு உதவியாள். அறிவிப்பாளர் டீ குடிக்கப் போனவர் மைக்கை என் கையில குடுத்துட்டுப் போயிட்டார். ஜெயிச்சது உங்கம்மா. நான் வேற யாரோ பேரைச் சொல்லிட்டேன். மூச்சு வாங்க வந்து மைக்கைப் பிடுங்கினா பாரு! 'ஓடினது நானு, பேரு அவளுக்கா? உங்க காதை எங்க அடகு வச்சீங்க?'ன்னா. மைதானம் பூரா கேட்டுச்சு."

மகள் சிரித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க பேரு என்னங்கன்னு கேட்டேன். மைக்கை அணைக்க மறந்துட்டேன். அவ சொல்லலை. மைதானமே சேர்ந்து கத்திச் சொல்லிச்சு."

இருட்டில் அவருடைய குரல் தானாகவே தணிந்திருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

அதன்பின் மாலையானால் மகளுக்குத் தலைவலி வந்துவிடும். துணியை இழுத்துவிட்டு அவர் தரையில் படுப்பார். அம்மா மழையில் ஓடியது, கல்யாணத்துக்குக் கேன்வாஸ் ஷூவோடு வந்தது, மகள் பிறந்ததும் "காலைப் பாருங்க, நம்ம கால்!" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கூவியது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது.  மகள், "அப்புறம்?" என்பாள்.

மறுபரிசோதனைக்குப் போனபோது, "நீங்க வெளியே உட்காருங்க, உள்ளே மத்த நோயாளிங்க இருக்காங்க," என்று நர்ஸ் அவரை நிறுத்திவிட்டார். மகள்தான் வெளியே வந்து, "பள்ளிக்கூடம் போகலாமாம்பா. சாயங்காலம் மட்டும் ஓய்வு எடுக்கணுமாம்," என்றாள்.

ஆனால் வலி விட்டபாடில்லை. இறுதிப்போட்டி நெருங்கியது. பெண்ணின் இடம் பறிபோய்விடுமோ என்ற கலக்கத்தில் ஒரு மதியம் அவர் பள்ளி மைதானத்துக்கே போய்விட்டார்.

"மேடம், அவளுக்கு இன்னும் தலைவலி தீரலை. இடத்தை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க," என்று கைகூப்பினார்.

பயிற்சியாளர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"தலைவலியா? அது எப்பவோ போயிடுச்சே சார்! டாக்டரே போன் பண்ணிச் சொன்னாரு. கொஞ்சம் கொஞ்சமா ஓடவிட்டு, இப்போ பந்தும் பிடிக்கிறா. அங்க பாருங்க."

தூரத்துக் கோல் கம்பத்தருகே மகள் பாய்ந்து பந்தை அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்போ தினமும் சாயங்காலம் துணியை இழுத்து மூடிக்கிட்டுப் படுக்கிறாளே, அது?"

பயிற்சியாளர் குரலைத் தணித்தார்.

"சாயங்காலம் இருட்டுலதான் படுக்கிறோம்னு அவளும் சொன்னா சார். ஏன்னு கேட்டேன். 'விளக்கைப் போட்டா அப்பா அம்மாவைப் பத்திப் பேச மாட்டாரு மேடம்'னா."