உள்ளே என்ன பேசினான் என்று சொல்லாத வெண்மதி அம்மாவுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்.
செவ்வாய்க்கிழமை

சிதம்பரம் தெற்கு வீதியில் மாடியில் அமர்ந்து மனநல ஆலோசனை வழங்கிவரும் மரியாதைக்குரிய வெண்மதி அம்மா அவர்களுக்கு, கடலூர் பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் டைம் கீப்பராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற தைரியராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமா? நலமாகத்தான் இருப்பீர்கள். என் மகன் டேனிக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் நலமில்லாமல் இருப்பது நான் ஒருத்தன்தான்.

அம்மா, கோவத்துலதான் எழுதறேன், ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சென்னையில வேலைய விட்டுட்டு வந்த பையன் ஏழு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ரூம் கதவச் சாத்திக்கிறான், தட்டு உள்ள போவுது, பாதி சாப்பாட்டோட வெளிய வருது. கடலூர்ல காட்டுனா பஸ் ஸ்டாண்டு பூரா தெரிஞ்சுடும்னு மெனக்கெட்டு சிதம்பரத்துக்கு கூட்டியாந்தேன். டாக்டரம்மான்னு கூப்புட்டா, "நான் டாக்டர் இல்லைங்க, மாத்திரை எழுத மாட்டேன்"னீங்க. சரி, ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல, பேச்சுதானே, நானும் கூட ஒக்காந்து கேட்டுக்கறேன்னு நாற்காலிய இழுத்தா, "அப்பா வெளியில இருக்கட்டும்"னுட்டீங்க. பெத்தவன் வெளிய! அவன் ஒரு ஃபாரத்துல கையெழுத்து போடறான். அவன் பேசறத அவன் சம்மதம் இல்லாம யாருக்கும் சொல்ல மாட்டீங்களாம், உசுருக்கு ஆபத்துன்னா மட்டுந்தான் வீட்டுக்கு சொல்லுவீங்களாம். அந்த ஒரு வரியக் கேட்டதுலேந்து போன் அடிச்சா யாருன்னு ஓடிப் போயிப் பாக்கறேம்மா. உங்க நம்பர் இல்லன்னு பாத்தப்புறந்தான் மூச்சு வருது.

வெளிய ஒக்காந்தவன் சும்மா இருப்பனா? காலாற நடக்கறாப்புல கதவுகிட்ட போயி காத வச்சா, அங்க ஒரு மிஷினு மழை பேயற மாதிரி 'சோ'ன்னு சத்தம் போட்டுக்கிட்டு கெடக்கு. எதுக்கு இதுன்னு உங்க ரிசப்ஷன் பொண்ணு கயல்விழிய கேட்டா, "உங்கள மாதிரி அப்பாங்களுக்குதான் சார்"ங்குது! மரியாதையா இது? ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு அம்பதாவது நிமிஷமே அவன வெளிய அனுப்பிட்டீங்க. பத்து நிமிஷம் முன்னாடி வண்டிய எடுத்தவனுக்கெல்லாம் மெமோ குடுத்தவன் நான், தெரியுமா? திரும்பி வர்றப்ப பஸ்ல, "என்னாடா கேட்டாங்க"ன்னா காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டான். சரி, மூணாவது தடவை, தேவனாம்பட்டினத்துல அன்னைக்கு காலையில கரைக்கு வந்த கொடுவா மீனு ரெண்டு கிலோ, ஐஸ் போட்டு உங்களுக்குத் தூக்கியாந்தேன். லஞ்சம் இல்லம்மா, பாசம். "நாங்க எதுவும் வாங்கக் கூடாதுங்க"ன்னு திருப்பிட்டீங்க. ஐஸ் கரைஞ்சு அந்தப் பஸ்சுல நான் பட்ட பாடு இருக்கே! ஒரு காலத்துல எனக்கு சல்யூட் அடிச்ச கண்டக்டரு, "சார், கடைசி சீட்டுக்குப் போயிடுங்க"ன்னான்.

இதுக்கு நடுவுல வீட்டுல என்னமோ நடக்குது. பையன் கூடத்துக்கு வந்து சாப்புடறான். ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசைக்கு அவனே சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு வந்தான். அவுங்க அம்மா ஆரோக்கிய ராணிகிட்ட சிரிச்சுப் பேசறான். நான் போனா வாய மூடிக்கிறான். எனக்கு மட்டும் என்னா தண்டனை? என்னைப் பத்தி உள்ள என்னா சொல்லியிருக்கான்? அதத் தெரிஞ்சுக்கத்தான் நேத்து என் பேருலயே தனியா அப்பாயின்மென்ட் போட்டு வந்தேன்.

"நீங்க எப்படி இருக்கீங்க"ன்னீங்க. நல்லாருக்கேன்னேன். அதோட பேசாம ஒக்காந்துட்டீங்க. என்னாம்மா ஞாயம் இது? செஞ்ச பாவத்தச் சொல்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாகூட சாமியாரு அஞ்சு நிமிஷத்துல நாலு செபம் சொல்லச் சொல்லி அனுப்பிடுவாரு. நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்க. எவ்ளோ நேரந்தான் ஒரு மனுஷன் ஃபேனையே பாக்கறது? அவன் சென்னையிலேந்து போன்ல அழுதப்ப, "ஆம்பளப் புள்ளைக்கு அழுக என்னாடா, இந்த மூஞ்சியோட வீட்டுக்கு வராத"ன்னு நான் கட் பண்ணது எம் பொண்டாட்டிக்கே தெரியாது. அது தானா வாயிலேந்து வந்து விழுந்துடுச்சு. வெவரம் வாங்க வந்தவன்கிட்ட நீங்க வெவரம் வாங்கிட்டீங்க! போதாக்கொறைக்கு டிஷ்யூ டப்பாவ என் பக்கம் தள்ளுறீங்க. எனக்கு ஜலதோஷம்மா! இப்ப நான் என்னா பண்ணணும்னு கேட்டா, "நீங்க என்ன நெனைக்கிறீங்க"ங்கறீங்க. எனக்கே தெரிஞ்சா நான் ஏன் சிதம்பரத்துக்கு பஸ் ஏறறேன்?

ஆகையால், டேனி என்னைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் வரிசையாக எழுதி, இந்த வாரத்துக்குள் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கவும். பெத்த அப்பனுக்கு இதக்கூட சொல்லாததுக்குப் பேரு ரகசியம் இல்ல, அக்கிரமம். இனிமே உங்க மாடிப்படிய நான் மிதிக்க மாட்டேன்.

வேளாங்கண்ணி மாதா தங்களுக்கு நீண்ட ஆயுளையும் பேசுகிற வாயையும் அருள்வாராக. கயல்விழிக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஆறாத கோபத்துடன்,
ம. தைரியராஜ்

பி.கு.: கவர ஒட்ட பசை தேடிக்கிட்டு இருந்தப்ப டேனி பின்னாடி வந்து நின்னான். ஏழு மாசத்துல மொத தடவையா என்னப் பாத்து வாயத் தொறந்தான். "நேத்து நீங்க தனியா போனீங்களாமே, உள்ள என்னாப்பா பேசுனீங்க?"ன்னான். "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுடா"ன்னுட்டேன். சிரிச்சுட்டான். ரெண்டு டீ போட்டு எடுத்தாந்து பக்கத்துல ஒக்காந்தான். அம்மா, அடுத்த திங்கக்கெழம பதினோரு மணிக்கு எனக்கு எழுதி வைங்க. அவன் வந்தா உங்களயும் கேப்பான், அவுங்க அம்மாவும் போன் பண்ணுவா. மூச்சு விடக்கூடாது. நான் அங்க ஒக்காந்து அழுதேங்கறத அவன்கிட்ட நான்தான் சொல்லணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்டேந்து ஒரு வார்த்தை வெளிய வந்துச்சோ, நேரா கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துருவேன், ஆமா.