வரலாம், வரலாம், இன்னும் வரலாம்!

உலகத்தில் "வரலாம் வரலாம்" ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பாட்டுக்குக் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எங்கிருந்தோ முளைப்பார். யார் பெற்ற பிள்ளையோ! "வரலாம்... வரலாம்... ஒடிங்க... இன்னும் ஒடிங்க... போதும், நிறுத்து!" என்று கையை ஆட்டுவார். வண்டி ஒழுங்காக நின்றால் அவர் நிறுத்தியது; இடித்தால் நீங்கள் ஓட்டியது. போகட்டும், இதில் என்ன குடி முழுகிவிட்டது என்கிறீர்களா? அந்த ஆசாமியை நான் விண்வெளி நிலையத்தைத் தரையிலிருந்து கவனிக்கும் கட்டுப்பாட்டு அறையில் பார்த்தேன் ஐயா!

அவர் சரக்குப் பிரிவின் தலைவர். சரக்குக் கப்பலில் சாப்பாடும் தண்ணீரும் எரிபொருளும் ஏற்றி, கதவைச் சாத்தி, ராக்கெட் கிளம்பியதோடு அவர் வேலை முடிந்தது. வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். படுப்பாரா? கப்பல் நிலையத்தை நெருங்குகிற நாளில், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் திரையை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அந்தக் கப்பல் தானே வழி பார்த்து, தானே வேகம் குறைத்து, தானே போய்ப் பூட்டிக்கொள்ளும். மனிதர்கள் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். அது ஒன்றுதான் நம்மவருக்கு வராது.

கண்காணிப்பு மேஜையில் இருந்த பெண் அவரைத் தாண்டி எட்டி எட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலையத்தில் இருப்பவர்களில் ஒருத்தி அவளுடைய சொந்த அக்கா. அவ்வளவு உயரத்திலும் துளிக் காற்று உண்டு; அது உரசி உரசி நிலையம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இந்தக் கப்பல் போய் ஒட்டிக்கொண்டு, தன் இன்ஜினை எரித்து அதை மேலே தள்ள வேண்டும். தள்ளிவிட்டால், அடுத்துக் கிளம்புவது அக்காவை அழைத்துவரும் கப்பல். இல்லையென்றால் இன்னொரு சரக்குக் கப்பல்தான். அக்கா காத்திருக்க வேண்டியதுதான்.

"கொஞ்சம் இடது பக்கம்மா," என்றார் நம்மவர்.

"சார், அது தானா வருது சார்."

"தானா வரட்டும்மா, நான் வேணாம்னா சொன்னேன்? நாம சொல்றதச் சொல்லணும்ல!"

கப்பல் நெருங்கியது. கை ஆடியது. "வரலாம்... வரலாம்..." இன்னும் ஒரு முழம்தான். மற்ற வண்டியெல்லாம் இடிப்பதற்கு முன் நிற்க வேண்டும். இது மட்டும் போய் முட்டினால்தான் வேலை ஆகும். பழகிப்போன நாக்குக்கு அது தெரியுமா?

"போதும், நிறுத்து!"

அந்த அறையில் ஒரு விதி. "நிறுத்து" என்று யார் சொன்னாலும், ஏன் என்று கேட்காமல் பின்வாங்கும் பொத்தானை அழுத்திவிட வேண்டும். அந்தப் பெண்ணின் கை போனது. ஒரு கணம் தயங்கியது. அழுத்தினாள். கப்பல் சமர்த்தாகப் பின்னால் விலகிப் போய்விட்டது.

இரண்டாம் முறை வந்து ஒட்டிக்கொண்டது, நல்ல வேளை. ஆனால் நிலையத்தைத் தூக்க வைத்திருந்த எரிபொருளில் பாதி, போக வரவே தீர்ந்துபோனது. பாதி உயரம்தான் ஏற்ற முடிந்தது; மீதிக்கு இன்னொரு சரக்குக் கப்பல்தான்.

"எப்படி, என் டிக்கெட் உறுதியாயிடுச்சாடி?" என்றாள் அக்கா, மேலேயிருந்து.

"கொஞ்சம் லேட்டாகும்க்கா," என்றாள் இவள்.

நம்மவர் அதற்குள் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். "நான் மட்டும் நிறுத்தச் சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும், நெனச்சுப் பாருங்க!"

என்ன ஆகியிருக்கும்? அக்கா வீட்டுக்கு வந்திருப்பாள்.

அவர்மேல் பற்றிக்கொண்டு வருகிறதா? நியாயம்தான். ஆனால் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்: அந்தப் பெண்ணின் கை பொத்தானுக்குப் போனபோது, "ஐயோ, அழுத்தாதேம்மா!" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கொடுத்தீர்களா இல்லையா?

உங்களை யார் கேட்டது?