மூன்று பேர் சாப்பாட்டு மேசை

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. ஆகவே நான் மட்டும், சளியுடன், நலம். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் டார்ச்சைத் திட்டுங்கள்.

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் கேட்கிறேன். ஒன்று நடப்பது மற்றதைப் பாதிக்காவிட்டால் அவை சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறது புத்தகம். மூன்று நிகழ்ச்சிகள் இரண்டிரண்டாகப் பார்த்தால் சார்பில்லாதவை, மூன்றும் சேர்ந்தால் மாறிவிடுமா என்று எங்கள் கணக்கு சாரிடம் (சாக்பீஸ் சார் என்போம்) கேட்டேன். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரும்மா" என்றார். பரீட்சைக்கு வராதது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது சித்தி. நாற்பது நாளாக ரஃப் நோட்டில் குறித்து வருகிறேன்: நானும் அப்பாவும் இருந்தால் சண்டை இல்லை, நானும் அம்மாவும் இருந்தால் இல்லை, நான் தூங்கிய பிறகு அவர்கள் இருவர் மட்டும் இருந்தாலும் இல்லை, மூவரும் சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் "உப்பு எங்க?", "கண்ணு முன்னாடிதான் இருக்கு", "இப்ப என் கண்ணுக்கு என்ன?" என்று தொடங்கி, பீங்கான் தட்டு ஆறும் போய், இப்போது எவர்சில்வர் தட்டு, அது உடையாது, ஆனால் சத்தம் அதிகம். அப்பா தனியாக வீடு பார்த்துவிட்டார். நான் யாருடன் இருப்பேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டுமாம். கணக்குப்படி கழிக்க வேண்டியது என்னைத்தான். என்னை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் சேர்ந்து இருக்கட்டும். நான் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவேன். விடைத்தாள்களில் மார்க் கூட்டித் தருவேன்.

சித்தப்பாவுக்கு வணக்கம், தம்பிப் பாப்பாவுக்கு முத்தம்.

உங்கள் மகள் போன்றவள்

பி.கு.: உறை எடுக்கக் கூடத்துக்குப் போனேன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே சண்டை. "மெதுவா பேசுங்க, அவ முழிச்சுக்கப் போறா." "நீதான் கத்துற." இரண்டு பேரும் குசுகுசுவென்றே கத்துகிறார்கள். 'நான் தூங்கினேன், சண்டை இல்லை' என்று நாற்பது முறை எழுதியிருக்கிறேன். தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? கணக்கு மொத்தமும் தப்பு சித்தி. காரணம் நான் இல்லை. நானாக இருந்திருந்தால் நான் தூங்கப் போனதும் சரியாகியிருக்கும். என்னை அழைத்துப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்.