காய்ந்து கிடந்த கோளாம்பி

மதுவை விட்டொழிக்க இவ்வுலகில் எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றுள் ஆக மோசமான வழியைத் தேடிப் பிடித்து, அதில் படுதோல்வி அடைந்து, அதன் பிறகும் தேறிய மனிதர் மூணாற்றைச் சுற்றியுள்ள மலைகள் அனைத்திலும் ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எஸ்டேட் அவரை 'உறிஞ்சி' என்றே அறியும்.

காரணம் அவருடைய தொழில். அன்றன்று உலர்ந்து வரும் தூளை வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாக ஊறவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்து உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டுத் தரம் சொல்ல வேண்டும். எல்லா டீமேக்கர்களும் செய்வதுதான். ஆனால் இவர் உறிஞ்சும் ஓசை எதிர்ச் சரிவில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கேட்கும். சாலையோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் ஒருமுறை அந்த ஓசையைக் கேட்டுவிட்டு, யானை என்று பதறி, வந்த வண்டியை விட்டு வேறொருவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

துப்புவது அதனினும் பெரிய கலை. எச்சில் துப்பும் பாத்திரத்தை எங்கள் பக்கம் கோளாம்பி என்போம். இடுப்பளவு உயரத்தில் பித்தளைக் கோளாம்பி ஒன்று அறையின் மூலையில் நிற்கும். அறையின் மறுகோடியிலிருந்து அதனுள் அவர் துப்புவார். விளிம்பில் ஒரு துளி படாது. கல்யாண வீடுகளில் பாயசத்தையும் பழக்கதோஷத்தில் உறிஞ்சிப் புரட்டிவிட்டு, துப்ப இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்ப்பார். சமையற்காரர் ஒருவர் அதைக் கண்டு மனம் நொந்து, பந்தி முடியுமுன்பே கரண்டியை வைத்துவிட்டுப் போனதுண்டு.

இப்படித் துப்புவதில் தேர்ந்த மனிதர், மாலையானால் விழுங்கினார்.

பல வருடக் குடி அவருடைய நாக்கை மழுக்கிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள், எந்திரத்தில் சூடு மிஞ்சிக் கரிந்துபோன தூளை, ருசி தெரியாமலேயே 'நயம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாங்கியவர்கள் மூட்டையோடு திருப்பி அனுப்பினார்கள். மானேஜர் தொரை அவரை அழைத்து, இன்னொரு தடவை இவ்வாறு நடந்தால் வேலை இல்லை என்று அறிவித்தார். எஸ்டேட்டில் வேலை இல்லை என்றால் வீடும் இல்லை. குவார்ட்டர்ஸின் கூரை வேலையோடு ஒட்டிப் பிறந்தது.

அன்று மாலை மரகதம் மதினி, அதாவது அவர் மனைவி, வாசலில் நின்று கேட்டது அடுத்த லயத்து வீடுகள் வரை கேட்டது.

“இந்தப் படிய விட்டு எறக்கிவிட்டாம்னா எங்க போயி நிக்க? ஒங்க கோளாம்பிக்குள்ளயா குடியிருக்க?”

உறிஞ்சி யோசித்தார். யோசித்ததன் விளைவை முதலில் என்னிடம் வந்து வெளியிட்டார். நான் அப்போது கொழுந்தைப் பரப்பி வாட்டும் மாடிக்கு மேற்பார்வையாளன். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டென்பது ஊரறிந்த செய்தி.

“தம்பி, குடிக்கதுல தப்பே இல்ல. முழுங்குததுதான் தப்பு. இத்தன வருசமா டீய வாயில வைக்கேன். ஒரு சொட்டு வயித்துக்குள்ள போயிருக்கா? அதே மாதிரி இதையும் உறிஞ்சணும், பொரட்டணும், துப்பணும். நாக்குக்கு ஆச தீந்துரும். ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாது.”

நான் வியந்து நின்றேன். இவ்வளவு எளிய வழி இத்தனை காலமும் யாருக்கும் தோன்றாமற் போயிற்றே என்று உண்மையாகவே வருந்தினேன்.

மூன்றாவது ஆளாக ஜீப் ஓட்டும் அந்தோணி சேர்ந்துகொண்டான். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவன் மாதா கோயிலிலிருந்து வந்ததும், அவனுடைய ஜீப் ஷெட்டில் பலகை போட்டு, வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக அடுக்கினார் உறிஞ்சி. எல்லாவற்றிலும் பிராந்தி. மூலையில் கோளாம்பி. தொழிற்சாலையில் கேட்டால், புளி போட்டுத் தேய்க்க எடுத்துப்போனதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

முதற்கோப்பையை முறைப்படி உறிஞ்சினார். புரட்டினார். கண்ணை மூடினார். நாங்கள் கோளாம்பியைப் பார்த்தோம். ஓசை எதுவும் வரவில்லை.

“அண்ணாச்சி, துப்பல?”

“இது சரியா நாக்குல ஒக்காரல. அடுத்ததுல துப்புவோம்.”

அடுத்ததிலும் உட்காரவில்லை. அந்தோணியின் முறை வந்தது. “பெரியவுக துப்பாம நான் முந்துனா மரியாதையா இருக்காது,” என்றான். நானும் மரியாதை தெரிந்தவன்தான். அந்தப் பிற்பகலில் அந்த ஷெட்டில் நிலவிய மரியாதையைப் போல் வேறெங்கும் நான் கண்டதில்லை.

மதினி வந்தபோது மூவரும் தரையில் இருந்தோம். அவர் எங்களைத் திட்டவில்லை. நேரே மூலைக்குப் போய்க் கோளாம்பிக்குள் எட்டிப் பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார். ஒரு சிலந்தி விழுந்தது.

“காஞ்சுல்ல கெடக்கு!” என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு எஸ்டேட்டில் யார் எந்த வாக்கைத் தவறவிட்டாலும், 'கோளாம்பி காஞ்சு கெடக்கு' என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது.

மறுநாள் மதினியே எங்களை ஜீப்பில் ஏற்றி அரசு ஆசுபத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா மலையாளி. திடீரென்று நிறுத்தினால் உடம்பு முறுக்கும் என்று சொல்லி மருந்து எழுதினார். பிறகு உறிஞ்சியிடம், “கூட்டினு ஆரெங்கிலும் உண்டோ?” என்று கேட்டார். துணைக்கு யாரேனும் இருக்கிறார்களா என்று பொருள். அவர் எங்கள் இருவரையும் காட்டினார். என்னைக் கேட்டபோது நான் அவர்கள் இருவரையும் காட்டினேன். அந்தோணியும் அவ்வாறே செய்தான். டாக்டரம்மா மூவரின் மருந்துச் சீட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் குத்தி மதினியிடம் கொடுத்தார்.

விடுவது என்பது ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடிக்கும் காரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சலிப்பான வேலை. மாலை தினமும் வருகிறது. மழைக்காலத்தில் மத்தியானமே வந்துவிடுகிறது. தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் கால்கள் தாமாகவே பழைய திசையைப் பார்க்கும். ஆகவே சங்கு ஊதியதும் நாங்கள் அதே ஷெட்டில் கூடினோம். அதே பலகை, அதே கோப்பைகள், அதே கோளாம்பி. கோப்பைகளில் மட்டும் தேநீர்.

புத்திமதி சொல்லக் கூடாது என்பது உறிஞ்சியின் சட்டம். தேநீரைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். உறிஞ்ச வேண்டும், துப்ப வேண்டும், தரம் சொல்ல வேண்டும். நாட்பட நாட்பட, நாங்கள் தரம் சொன்னது தேநீரைப் பற்றித்தானா என்பது எங்களுக்கே ஐயமாயிற்று. “இன்னைக்கு எப்படிடே?” என்று அவர் கேட்பார். “தெளிவா இருக்கு அண்ணாச்சி” என்றால் வீட்டுக்குப் போகலாம். “கரிஞ்ச வாடை அடிக்கு” என்று ஒருவன் சொல்லிவிட்டால், மற்ற இருவரும் அவனை விட்டு நகர மாட்டார்கள்.

இதில் அந்தோணியின் பாடுதான் திண்டாட்டம். டவுனுக்கு மாலைச் சவாரி ஓட்டுபவன் அவன். மதுக்கடை வாசலைத் தாண்டித்தான் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். அவனுக்குக் கரிந்த வாடை அடிக்கும் நாட்களில், முன் இருக்கையில் இடப்புறம் நானும், அவனுக்கும் வலப்புறக் கதவுக்கும் இடையே நெருக்கிக்கொண்டு உறிஞ்சியும் அமர்வோம். கியர் போடக் கையெடுக்க முடியாமல் அவன் தவிப்பான். பின்னாலிருந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் பதறிப்போய்க் கேட்டார்: “எந்தா, டிரைவரெ போலீஸ் பிடிச்சோ?”

“ஆமா சேட்டா,” என்றான் அந்தோணி. “ஜாமீன் கெடைக்காத கேசு.”

அந்த ஆனி மழையில்தான் சோதனை வந்தது. கொச்சியிலிருந்து தேயிலை வாங்குபவர்கள் வருவதாகவும், மறுநாள் அவர்கள் முன்னிலையில் டீமேக்கர் தரம் சொல்ல வேண்டும் என்றும் மானேஜர் சொல்லியனுப்பினார். உறிஞ்சிக்கோ கடும் சளி. மூக்கு அடைத்து, நாக்கு மரத்துக் கிடந்தது. அன்று மாலை ஷெட்டில் ஒவ்வொரு கோப்பையாக உறிஞ்சினார். முதன்முறையாக அவருடைய ஓசையில் பலமில்லை. கரண்டியைப் பலகையில் வைத்தார்.

“வெந்நி மாதிரி இருக்கு. எல்லாம் வெந்நி. நாக்கே செத்துப் போச்சு. இனி எதுக்குல இந்தப் பாடு? ஏலே அந்தோணி, வண்டிய எடு. டவுனுக்கு.”

புத்திமதி கூடாது என்ற சட்டம் அவர் போட்டது. நாங்கள் அதை மீறவில்லை. அந்தோணி வண்டியை எடுத்தான். நான் பிளாஸ்கில் தேநீரை ஊற்றிக்கொண்டு ஏறினேன். மதுக்கடைக்குச் சற்று முன்னால் அந்தோணி ஓரமாக நிறுத்தினான். மழை கண்ணாடியை மறைத்தது. அப்பால் குடைகள் வரிசையாக நின்றன.

அவர் கதவில் கை வைத்தார். வேறு வழி தெரியாமல் நான் மூடியில் தேநீரை ஊற்றி, என்னால் இயன்றவரை சத்தமாக உறிஞ்சினேன்.

“நெறம் நல்லா வந்திருக்கு அண்ணாச்சி,” என்றேன். “நாக்குல ஒரு சுறுசுறுப்பு இருக்கு. கடைசில லேசா ஒரு துவர்ப்பு.”

அவருடைய கை கதவிலேயே இருந்தது. ஆனால் திறக்கவில்லை.

அந்தோணி வாங்கி உறிஞ்சினான். “துவர்ப்பு நாக்கு நுனில இல்ல. கன்னத்து ஓரமா நிக்கி. ரோசாப்பூ வாசன கூட வருது அண்ணாச்சி.”

“பொய் சொல்லாதல. மழக் கொழுந்துல ஏதுல ரோசாப்பூ?”

“வருது அண்ணாச்சி. மாதா சத்தியமா.”

“சத்தியத்த விடு. திருப்பி உறிஞ்சிப் பாத்துச் சொல்லு.”

அவன் உறிஞ்சினான். “...இல்ல. ஈர வெறகு வாசன.”

“அது! மேல சொல்லு.” அவர் கண்களை மூடிக்கொண்டார். பிளாஸ்க் தீரும்வரை நாங்கள் இருவரும் மாறி மாறி ருசியைச் சொன்னோம். அவர் குறுக்கிட்டுத் திருத்திக்கொண்டே வந்தார். எப்போது கதவிலிருந்து கையை எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. “திருப்புல வண்டிய,” என்றார். “துப்ப எடமில்லாம எல்லாத்தையும் முழுங்கிட்டிய. அறிவுகெட்ட பயலுவ.”

மறுநாள் காலை, விருந்தினர் வருமுன்பே அவர் மானேஜரின் அறைக்குப் போனார். வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

“சார், இன்னைக்கு எனக்கு நாக்கு இல்ல. சளி. ஒண்ணும் தெரியல. நயம்னு நான் சொன்னா அது பொய்யாப் போவும்.”

மானேஜர் ஐயத்தோடு எழுந்து அருகில் வந்து, ஊதச் சொன்னார். உறிஞ்சி எதையும் அரைகுறையாகச் செய்பவரல்லர். நெஞ்சு நிறைய இழுத்து ஊதினார். மதினி இரவெல்லாம் தேய்த்த யூக்கலிப்டஸ் தைலத்தின் நெடியில் மானேஜரின் கண்களில் நீர் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, “போய்ப் படு. தேறினதும் வந்து சொல்லு. அவங்க காத்திருப்பாங்க,” என்றார். நாக்குக்கு ருசி தெரியவில்லை என்பதைச் சொல்லும் துணிவு மட்டும் முன்பே வந்திருந்தால், அந்தக் கரிந்த மூட்டைகள் மலையிறங்கியே இருக்கமாட்டா. அத்துணிவை அவர் எங்கள் ஷெட்டில்தான் சிறிது சிறிதாகப் பழகியிருந்தார்.

ஓய்வு பெறும்வரை உறிஞ்சி அந்தக் குவார்ட்டர்ஸிலேயே இருந்தார். அவர்களை யாரும் இறக்கிவிடவில்லை. தம்முடைய நாளில் தாமாகவே படியிறங்கி, மதினியோடு போடியில் மகன் வீட்டுக்குப் போனார். கோளாம்பி எங்களிடம் தங்கிவிட்டது. அந்தோணியும் நானும் இன்றும் அதே ஷெட்டில் அமர்கிறோம். எனக்கு வயதாகிவிட்டது. மாலைகளுக்கு மட்டும் வயதாகவில்லை.

சங்கு ஊதியதும் என் கைபேசி ஒலிக்கும். எடுத்தால் பேச்சு இராது. மலைக்குக் கீழேயிருந்து அந்த யானை ஓசை மட்டும் வரும். பதிலுக்கு நாங்கள் உறிஞ்சுவோம். பேச்சு முடிந்தது.

நேற்று ஓசை வர நேரமாயிற்று.

“எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“...கரிஞ்ச வாடை அடிக்கு, தம்பி.”

“சரி. உறிஞ்சிப் பொரட்டித் துப்பிட்டு வாங்க. நான் போன வைக்கல.”

நெடுநேரம் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தோணி அடுத்த கோப்பையை ஊற்றாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் துப்பும் ஓசை கேட்டது. அதைவிட இனிய ஓசை எதையும் இம்மலையில் நான் கேட்டதில்லை.