பட்டன் சங்கத்தின் கடைசி பெஞ்ச்

இரண்டாவது குழாயில் ரத்தம் பாதி ஏறியிருந்தபோதுதான் அந்த மனிதர் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா?"

"வலிக்குதா சார்?"

"வலியெல்லாம் இல்ல. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. நீங்க யாரு?"

ஊசி திருதிருவென்று விழித்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு வருஷமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறாள். குத்தி முடித்த பிறகு இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"லேப்ல இருந்து வரேன் சார். நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"நானா? இல்லியே. வாசல்ல வந்து நின்னீங்க. 'உக்காருங்க, கையை நீட்டுங்க'ன்னீங்க. நீட்டினேன். என் வீட்டுக்காரி ஏற்பாடா இருக்கும்னு நெனச்சேன். அவ சொன்னதுக்கு எதிர்க்கேள்வி கேக்கற பழக்கம் எனக்குக் கெடையாது."

"நான் ஒண்ணும் சொல்லலியே! யாருங்க அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஊசி பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தாள். 'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பச்சை கேட், மூன்றாம் குறுக்குத் தெரு.' கேட் பச்சைதான். அதில் சந்தேகமே இல்லை.

"சார், நீங்க தலைமையாசிரியர்தானே?"

"நான் ஸ்கூல் வேன் டிரைவர்."

"இது மூணாவது குறுக்குத் தெருதானே?"

"இது சந்தும்மா. மூணாவது குறுக்குத் தெரு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்."

கையிலிருந்த குட்டிப் போனைப் பார்த்தாள். பன்னிரண்டு பட்டன், ஒரு டார்ச். வழி கேட்டால் மணி சொல்லும்.

மூன்று மாசத்துக்கு முன்பு அவளிடமும் பெரிய போன்தான் இருந்தது. ஒரு கை பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே மறு கையின் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு நாள் மத்தியானம், யாரோ ஒருவருடைய பூனை அலமாரியிலிருந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே, எண்பது வயதுத் தாத்தாவின் பெயரை ஒரு கர்ப்பிணியின் குழாயில் ஒட்டிவிட்டாள். கூட வேலை பார்ப்பவள் கடைசி நிமிஷத்தில் கண்டுபிடித்தாள். "தாத்தாவுக்கு நாலாவது மாசம்னு ரிப்போர்ட் போயிருக்கும்டி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஊசிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலமே பெரிய போனை வீட்டில் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பட்டன் போன் வாங்கினாள்.

அதற்கப்புறம்தான் நூலகத்து அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். 'பெரிய போனைத் துறந்த இளைஞர்கள் சந்திப்பு. சனிக்கிழமை மாலை நாலு மணி. மேல் மாடி.' அங்கே அவளையும் சேர்த்து ஏழு பேர். தங்களுக்குத் தாங்களே பட்டன் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற ஆறு பேரும் மனிதர்களா, வேறு ஏதாவதா என்று ஊசிக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. உடற்பயிற்சி நிலையத்தில் வேலை பார்க்கும் தலைவர் ஜன்னலோரம் நின்று, "நாலு நாப்பதுக்கு மழை வரும்" என்பார். நாலு நாற்பத்திரண்டுக்கு வரும். வங்கியில் கேஷியராக இருக்கும் பெண்ணுக்கு நூற்றுப் பதினாறு பேருடைய பிறந்தநாள் மனப்பாடம். ஓவிய டீச்சர், எந்த ஊரில் எந்த ஆறு எத்தனை மைல் ஓடுகிறது என்பதைத் தூக்கத்திலும் சொல்லக்கூடியவர்.

"எப்படி டீச்சர்?" என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள் ஊசி.

"எல்லாம் உள்ளதான்மா இருக்கு. போன்தான் அதை மூடி வச்சிருந்தது" என்றார் டீச்சர்.

"சில சமயம் உடனே வராது. கொஞ்சம் நடக்கணும். கீழ போய்க் காத்து வாங்கிட்டு வந்தா ஞாபகம் தானா முழிச்சுக்கும்" என்றார் தலைவர்.

அது உண்மைதான். பதில் தெரியாதவர் எழுந்து கீழே போவார். ஐந்தே நிமிஷத்தில் முகம் தெளிந்து, விடையோடு வருவார். ஊசியும் முயன்றாள். ஒரு சனிக்கிழமை அந்தப் படிகளில் நாலு தடவை ஏறி இறங்கினாள். முட்டிதான் வலித்தது. தன் மூளை அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர்களை அண்ணாந்து பார்ப்பதையே வழக்கமாக்கிக்கொண்டாள்.

இப்போது பச்சை கேட்டுக்குள், டிரைவரின் கையிலிருந்து ஊசியை உருவியபடி நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க சார். இதைக் கீழ ஊத்திடறேன்."

"ஊத்தறதா? என் ரத்தம்மா அது! எடுத்தது எடுத்தாச்சு. என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

அதற்குள் அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "அவருக்கு மட்டும் என்ன? எனக்கும் எடுத்துடும்மா. ரெண்டு மாசமா தலை சுத்துது."

"அண்ணி, நான் வழி தவறி..."

"வந்தது வந்துட்டே. உக்காரு."

அண்ணிக்கு எடுத்தாள். அண்ணியின் தம்பி பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு வந்து கையை நீட்டினான். மாடியில் குடியிருப்பவர், கீழே இலவசமாக ஏதோ நடக்கிறது என்று கேள்விப்பட்டு, சட்டையை மடக்கிக்கொண்டே இறங்கி வந்தார். குழாய்களில் 'பச்சை கேட் அண்ணன்', 'பச்சை கேட் அண்ணி', 'தம்பி', 'மாடி' என்று எழுதி ஒட்டினாள் ஊசி. இந்தத் தடவை பெயர் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் மூன்று தரம் படித்தாள்.

குட்டிப் போன் அலறியது. பரிசோதனை நிலையத்து டாக்டர். பதற்றத்தில் எந்தப் பட்டனை அமுக்கினாளோ, டார்ச் எரிந்தது. மறுபடி அமுக்கினாள். இணைப்பு போய்விட்டது.

தண்டவாளத்தைத் தாண்டி, நாலு பேரைக் கேட்டு, உண்மையான பச்சை கேட்டை அடைந்தபோது மணி ஒன்பதரை. தலைமையாசிரியர் வாசலிலேயே கடிகாரமும் கையுமாக நின்றிருந்தார்.

"ஏழு மணின்னு சொன்னாங்க. வெறும் வயித்துலதான் எடுக்கணும்னு ரெண்டரை மணி நேரமா ஒரு வாய் காபி குடிக்கல. இப்படி லேட்டா வந்தா என் ஸ்கூல்ல வெளியதான் நிக்கணும்."

"இதோ சார், ரெண்டே நிமிஷம்."

பையைத் திறந்தாள். குழாய் ஒன்றுகூட மிச்சமில்லை. கொண்டுவந்ததையெல்லாம் அண்ணன் குடும்பத்துக்கே தீர்த்திருந்தாள்.

குழாய் எடுத்துவர அவள் ஓடிப்போய்த் திரும்பியபோது, தலைமையாசிரியர் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தார்.

பரிசோதனை நிலையத்துக்குத் திரும்பியபோது டாக்டர் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "வரச் சொன்ன வீட்டுல ரத்தம் இல்ல. கூப்பிடாத வீட்டுல இருந்து நாலு பேரோட ரத்தம். திங்கக்கிழமை மேப் இருக்கற போனோட வா. இல்லன்னா வராதே."

ஊசி கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். மத்தியானம் இரண்டரை மணிக்கு டாக்டர் மறுபடி கூப்பிட்டார். கையில் ஒரு தாள்.

"இந்த 'பச்சை கேட் அண்ணன்' யாரு?"

"டிரைவர், டாக்டர். ஸ்கூல் வேன் ஓட்டறார்."

"சர்க்கரை நானூத்தி நாப்பது. இதோட இவர் நடமாடறதே அதிசயம். போன் நம்பர் குடு."

"வாங்கல டாக்டர்."

"அட்ரஸ்?"

"தெரியாது டாக்டர். வழி தவறிப் போன எடம் அது."

இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இன்னும் அரை மணியில் பள்ளிக்கூடம் விட்டுவிடும். வேன் நிறையக் குழந்தைகள் ஏறும்.

ஊசி ஓடினாள். வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏறினாள்.

"எங்கம்மா போகணும்?"

"தெரியாதுண்ணே. நான் சொல்லச் சொல்லத் திருப்புங்க."

கார்க்காரர் கண்ணாடியில் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஊசி கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் எந்தப் பக்கம் திரும்பினோம்? முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு தையல்கடை வந்தது. தலையில்லாத பொம்மை, அதன்மேல் சிவப்புக் கோட்டு, ஒரு பட்டன் மட்டும் மஞ்சள்.

"தையல்கடை வரும். அங்க இடது."

வந்தது. அடுத்தது பாதியில் நின்றுபோன ஒரு சுவர் விளம்பரம். 'வாட' என்பதோடு பெயின்ட் தீர்ந்திருந்தது. அதன் பிறகு, ஒரே ஒரு தொட்டிச் செடிக்குக் குடை பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவருடைய மாடி. யாரோ பிடிலில் ஒரே வரியை மறுபடி மறுபடி தப்பாக வாசித்த ஜன்னல். ஒவ்வொன்றும் அவள் சொல்லி வாய் மூடுமுன் எதிரே வந்து நின்றது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனையும் எப்போது தனக்குள் வந்து உட்கார்ந்தன? யார் உள்ளே விட்டது? நாலு வருஷம் இதே ஊரில்தான் நடந்திருக்கிறாள். இப்படி ஒரு ஊர் இருப்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"நிறுத்துங்க! பச்சை கேட்!"

வேன் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் கியரில் கையை வைத்திருந்தார்.

"அண்ணே, வண்டிய எடுக்காதீங்க!"

அவர் எட்டிப் பார்த்தார். "மறுபடியும் கையை நீட்டணுமாம்மா?"

சொல்லிவிட்டு இறங்கியவருக்குக் கால் நிற்கவில்லை. வேன்மேல் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த வாடகைக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேனை மாடி வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனார். இன்னும் ஒரு டிரிப் அடித்திருந்தால் வண்டி எதில் போய் முட்டியிருக்குமோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணி ஊசியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இருந்தாலும் டாக்டர் சொன்ன திங்கட்கிழமைக் கெடு அப்படியேதான் இருந்தது. ஊசி யோசித்துப் பார்த்தாள். அண்ணன் பிழைத்தது அவருடைய நல்ல நேரம். தன் பங்கு வழி தவறியது மட்டும்தான். சனிக்கிழமை மேல் மாடிக்குப் போய் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாள்.

"நான் சங்கத்துல இருந்து விலகிக்கறேன்."

"ஏன், என்ன ஆச்சு?" என்றார் தலைவர்.

ஒன்று விடாமல் சொன்னாள். குழாய் தீர்ந்ததை, டார்ச் எரிந்ததை, தையல்கடைப் பொம்மையை, பிடில் சத்தத்தை. "உங்கள்ல யாராவது ஒருத்தர் போயிருந்தா முதல்லயே சரியான வீட்டுக்குப் போயிருப்பீங்க. மழை எப்ப வரும்னு வானத்தைப் பாத்துச் சொல்றவங்க நீங்க. எனக்கு ஒரு தெருவைக் கண்டுபிடிக்கவே மூணு மாசம் பத்தல. உங்ககூட உக்காந்திருக்க எனக்குத் தகுதி இல்ல."

தலைவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கேஷியர் இருமினாள். ஓவிய டீச்சரின் கண் கலங்கியிருந்தது.

"தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார் தலைவர். பின்னாலேயே டீச்சர். அப்புறம் கேஷியர். ஒவ்வொருவராக ஆறு பேரும் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

கால் மணி நேரம் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசி கீழே இறங்கினாள். படியடியில், வாசகர்களின் பைகளை வாங்கி டோக்கன் போட்டு அலமாரியில் வைக்கும் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, முகம் இப்படி வாடிக் கெடக்கு?"

"அவங்க எல்லாம் எங்கக்கா?"

"தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டுக் கெளம்பிப் போயிட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

"என்னாலதான்கா. அவங்க எவ்வளவு பெரிய ஆளுங்க! என்னை மாதிரி ஒருத்தி கூட இருந்தது அவங்களுக்கே அவமானமாப் போச்சு."

அக்கா அவளை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தாள். எழுந்து நின்றாள். கோயிலில் நிற்பது மாதிரி இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டாள்.

"மூணு மாசமா அந்த ஆறு பேரோட பெரிய போனையும் டோக்கன் போட்டு வாங்கி வச்சு, நடுநடுவுல எறங்கி வர்றப்பல்லாம் எடுத்துக் குடுக்கறது நான்தான் தாயி, பட்டன் போனை மட்டும் வச்சுக்கிட்டு இந்தப் படி ஏறினது நீ ஒருத்திதான்!"