இரவல் ரத்தம்

இந்த வருஷம் நன்றிப் பண்டிகையில் சொந்தக் காலில் நின்று, வேண்டியதை அள்ளிப் போட்டுச் சாப்பிடுவது என்று நோல்டி தீர்மானம் செய்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு, யூரிக் ஆசிட் ஒன்பது புள்ளி நாலு. இந்தோனேசியாவின் மினஹாசா மலைப்பக்கத்தில் ஆம்பளைகளிடம் வயதைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்வார்கள். யூரிக் ஆசிட்டைக் கேட்டால் புள்ளியோடு சொல்வார்கள்.

போன வருஷத்துப் பண்டிகையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அறுவடை முடிந்து வரும் அந்த ஞாயிறு ஊரில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. தெரிந்தவன், தெரியாதவன், வழி தப்பி வந்தவன், எல்லோருக்கும் தட்டு உண்டு. வாசலில் நின்று அவர்களை வரவேற்க வேண்டிய நோல்டி, யூரிக் ஆசிட் ஏறி, வலது கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து கட்டிலில் கிடந்தார். போர்வை பட்டாலும் உயிர் போனது. கடைசியில் நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊரே கையில் தட்டோடு நின்று பார்த்தது. அவர் மனைவி மெய்ஸ்கே விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினாள். அன்றைக்கு அவள் பட்ட பயம் கொஞ்சநஞ்சமல்ல. பயம் தெளிந்த பிறகு வந்த கோபமும் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் யூரிக் ஆசிட் பார்க்கும் மீட்டர். சனிக்கிழமை தோறும் காலையில் வெறும் வயிற்றில் விரலில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு, கொஞ்ச நேரத்தில் எண் வந்துவிடும். ஸ்ட்ரிப் டப்பாவைத் தன் துணி அலமாரியில் பூட்டி வைத்து, வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பாள். மீட்டரோ தேதி, நேரம் போட்டு எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். “வாய் பொய் சொல்லும், மிஷின் சொல்லாது” என்பாள் மெய்ஸ்கே. நோல்டி தேவாலய சபையில் மூப்பர். இந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைக்கும். ஆனாலும் விரலை நீட்டிவிடுவார்.

இந்த வருஷம் அவளே ஒரு பேரத்துக்கு வந்தாள். பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை மீட்டர் ஏழுக்குக் கீழே காட்டினால், மூங்கிலில் சுட்ட பன்றிக்கறி ஒரு தட்டு. காட்டாவிட்டால் பூசணிக் கஞ்சி. நோல்டி ஒப்புக்கொண்டார். அதன்பிறகு அவர் வாழ்ந்தது துறவி வாழ்க்கை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மணி தவறாமல் விழுங்கினார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கள்ளுக்கடை இருக்கும் பாதையையே விட்டுவிட்டுச் சுற்றிப் போனார். ஒன்பது புள்ளி நாலு, எட்டு புள்ளி அஞ்சு, ஏழு புள்ளி ஒன்பது, ஏழு புள்ளி ரெண்டு என்று மீட்டரும் மனமிரங்கி இறங்கி வந்தது. இன்னும் ஒரே வாரம்தான்.

அந்த வாரத்தில் வியாழக்கிழமை என்று ஒரு நாள் இருந்தது. ஆண்கள் ஜெபக்கூட்டம். ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் சுடச்சுட மூங்கிலைப் பிளந்தார். மறுத்தால் அவர் மனம் நோகுமே என்று நோல்டி முதல் தட்டு சாப்பிட்டார். மனம் நோகாமல் இருந்தவர் இனியும் நோகாமல் இருக்கட்டும் என்று இரண்டாவது தட்டு சாப்பிட்டார். வீடு திரும்பும்போதுதான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று உறைத்தது. வெள்ளிக்கிழமை முழுக்க வாய்விட்டுப் புலம்பவும் முடியாமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் மெய்ஸ்கே மேஜைமேல் மீட்டரையும் ஒற்றை ஸ்ட்ரிப்பையும் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் நோல்டி பக்கத்து வீட்டு லெக்சியைக் கூப்பிட்டார். லெக்சி பாடகர் குழுவில் பாடுகிறவன். ஈர்க்குச்சி உடம்பு. குடி கிடையாது, தட்டில் பாதிக்கு மேல் கீரை. அவன் ரத்தம் ஊற்றுத் தண்ணீர் மாதிரி என்று ஊரே சொல்லும்.

“தம்பி, கையை நீட்டு. ஒரே ஒரு சொட்டு ரத்தம் வேணும்.”

“உங்க மிஷினுக்கு என் ரத்தமாண்ணே? அக்காவுக்குத் தெரிஞ்சா?”

“மிஷினுக்கு ரத்தம்தான் தெரியும், ஆள் தெரியாது. நீட்டுடா.”

லெக்சி கண்ணை மூடிக்கொண்டு நீட்டினான். குத்தினார். சொட்டு விழுந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். பத்து புள்ளி ஏழு.

லெக்சி மீட்டரைக் குலுக்கிப் பார்த்தான். “மிஷின் கெட்டுப்போச்சுண்ணே” என்றான் லெக்சி. நோல்டி தலையை ஆட்டினார். இந்த மிஷின் அவ்வளவு சுலபமாகக் கெட்டால் அவர் எப்போதோ பிழைத்திருப்பார். லெக்சி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். தன் அப்பாவும் இதே மாதிரி ஒல்லிதான், அவரையும் கடைசியில் கால்தான் படுத்தியது என்றான். போன மாதம் கணுக்கால் வீங்கியதைச் சுளுக்கு என்று சொல்லிச் சமாளித்ததையும் சொன்னான். நோல்டி குனிந்து அவன் கணுக்காலைப் பார்த்தார். தன் கவலை பாதி, அவன் கவலை பாதி.

“அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், யுல்சேகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நாளைக்கு நானும் ஒரு வாய் சாப்பிடணும்.”

யுல்சே அவன் மனைவி. காலைப் பிடிப்பேன் என்று கேட்டவனுக்கு, காலைப் பிடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த நோல்டி வாக்குக் கொடுத்துவிட்டார்.

மெய்ஸ்கே கூடையை இறக்கி வைத்த கையோடு மீட்டரை எடுத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கையையும் வாங்கி, குத்தின தடம் தேடுவது போலப் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு மடியில் திரும்ப வைத்தாள்.

“ஏங்க, இது உங்க எண்தானா?”

உண்மையைச் சொன்னால் வாக்குத் தவறும், மூப்பர் மானம் போகும். போனாலும், வியாழக்கிழமை ரெண்டு தட்டு உள்ளே இருக்கும்போது தன் ரத்தம் மட்டும் வாழவா வைக்கப்போகிறது என்று நோல்டி எண்ணிப் பார்த்தார்.

“என் எண்தான்” என்றார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“அதான் சொல்றேனே, என் எண்தான்.”

மெய்ஸ்கே எழுந்து சமையல்கட்டுக்குப் போய்ப் பூசணிக்காய் நறுக்கத் தொடங்கினாள். நோல்டி சாய்வு நாற்காலியில் படுத்து, துக்கத்திலேயே தூங்கிப்போனார். மத்தியானம் எழுந்தபோது இடது மோதிர விரல் சுரீர் என்றது. எறும்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நோல்டி சொந்தக் காலில் வாசலில் நின்றார். தீர்மானத்தில் அந்தப் பாதி நிறைவேறியது. வந்தவர்களையெல்லாம் கைகுலுக்கி உள்ளே அனுப்பினார். லெக்சியும் யுல்சேயும் வந்தார்கள். லெக்சியின் விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அவன் ஆசையோடு மேஜை முழுக்க இருந்த மூங்கில் கறியின் பக்கம் நடக்க, மெய்ஸ்கே கையைப் பிடித்து நோல்டியின் பக்கத்தில் உட்கார வைத்தாள். இரண்டு கிண்ணம் பூசணிக் கஞ்சி வந்தது.

“அக்கா, எனக்கெதுக்கு?”

“பிளாஸ்திரி போட்டவங்களுக்கு இதுதான். நேத்தே உன் விரலைப் பாத்தேன், யுல்சேகிட்டயும் பேசிட்டேன். நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு, அவர் சொன்னா சாப்பிடு.” அதட்டவில்லை. சொந்தத் தம்பிக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

ஆண்கள் இருவரும் தலை நிமிராமல் கஞ்சி குடித்தார்கள். சுற்றிலும் மூங்கில் பிளக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கூட்டம் கலைந்ததும், மெய்ஸ்கே மீட்டரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். கடைசி எண்ணைப் பார்க்கச் சொன்னாள். சனிக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. ஆறு புள்ளி நாலு.

நோல்டி இடது மோதிர விரலைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களைப் பார்த்தார். நாலு வாரத் தவம் கண்ணில் நீராக வந்தது.

“ஆறு புள்ளி நாலா? அப்ப எனக்கு ஏன்டி கஞ்சி ஊத்துன?”

மெய்ஸ்கேக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷத்தில் அவள் நேற்றே ஒரு பாட்டம் அழுதிருந்தாள். மீட்டரை வாங்கிப் பையில் போட்டு மூடினாள்.

“மிஷின் ஆயிரம் சொல்லட்டுங்க. கட்டின புருஷன் ரெண்டு தடவை பத்து புள்ளி ஏழுன்னு சொன்னப்புறம், நான் மிஷினையா நம்புவேன்?”